வெள்ளி இரவு, ஏழு மணிக்கு

786
கோத்தா திங்கி
6 ஜூலை 1925

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ ஜெயபாலன் அவர்களுக்கு ருக்னுதீன் எழுதிக்கொண்டது.

தாங்கள் பத்து பாகாட்டில் பள்ளிக்கூட வாத்தியாராகச் சேர்ந்து சுகமாக இருப்பதாகக் கேள்வி. இங்கே கடையில் எல்லோரும் சுகம்.

விஷயம் இதுதான். ஆற்றின் கீழ்ப்பக்கம் புக்கிட் லாடா தோட்டத்துத் துரை, ரப்பர் பெட்டிகளைத் தோட்டத்து ஜெட்டியிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுபோக நிரந்தரமாக ஒரு படகுக்காரரைத் தேடுகிறார். மோட்டார் படகு வாங்கிய நாள் முதல் இப்படி ஓர் ஒப்பந்தத்துக்குத்தான் நான் காத்திருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். துரை சிலோனிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று படகுக்காரர்களை, சொன்ன நாளில் வருவதில்லை என்று நீக்கிவிட்டார். நடுவில் இருந்த தரகர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள் என்பது அவர் எண்ணம். ஆகையால் இந்தத் தடவை படகின் சொந்தக்காரரே தன் கையால் இங்கிலீஷில் எழுதவேண்டும், இடையில் ஆள் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.

நானே ஒரு கடிதம் எழுதினேன். யாரிடமும் காட்டாமல் அனுப்பியும் விட்டேன். படகு ஆறு மணிக்குள் வந்துவிடும் என்று எழுத நினைத்தேன். நான் எழுதியதோ, படகு ஆறு மணி வரை வந்துகொண்டே இருக்கும் என்று ஆகிவிட்டதாம். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி கனகராஜ் அதை ஜெட்டியில் நின்று தமிழில் பெயர்த்துச் சொல்லியிருக்கிறார். இப்போது நான் ஆற்றில் எங்கே போனாலும், மூட்டை தூக்குகிறவர்கள் கையை நெற்றியில் வைத்துத் தூரத்தில் பார்த்து, "இன்னும் வருது, இன்னும் வருது" என்கிறார்கள்.

ஜமால் மாமா, எழுத ஒரு ஆளை வைத்துக்கொள், நீ தராசைப் பார் என்கிறார். மாமாவின் கடையில் தராசைப் பார்த்தே என் காலம் போய்விடும் போலிருக்கிறது.

எனக்குப் பதிலாகத் தாங்கள் எழுதித்தர வேண்டாம். மற்ற இங்கிலீஷை நான் எப்படியோ சமாளித்துக்கொள்வேன். நேரம் சொல்லும் இடத்தில் வருகிற பொடிச் சொற்கள், இந்த அட், ஆன், இன், பை, டில், இவைதான் என்னைக் கவிழ்க்கின்றன. சொல்லிக்கொடுக்க முடியுமானால் எழுதவும். மனமில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடவும்.

இப்படிக்கு,
கா. ருக்னுதீன்


உ
பத்து பாகாட்
13 ஜூலை 1925

அடே ருக்னுதீன்,

'தாங்கள்' என்று யாரையோ கூப்பிட்டிருக்கிறாயே, அந்த ஆள் யார் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாலு வருஷம் ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துத் தின்ற இரண்டு பேருக்கு நடுவில் இந்த மரியாதை எங்கிருந்து வந்தது? வந்த இடம் எனக்குத் தெரியும். மார்ச் மாதம் நான் பஸ் ஏறிய அன்று, கடை வாசலில் நாலு பேர் கேட்க, சோறு போட்ட கடையை மறந்துவிட்டுப் போகிறான் என்று சொன்னாய். சோறு போட்டது கடைதான். நானும் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, உங்கள் கடிதம் ஒவ்வொன்றையும் நான்தான் எழுதினேன். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. சொல்லிவிட்டேன். இனிப் பாடம்.

உங்கள் கடையை நினைத்துக்கொள். பின்னால் கிட்டங்கி. நடுவில் பலகைத் தட்டு. சுவரில் ஆணி. பெரிய சரக்கெல்லாம் கிட்டங்கிக்குள் போகும். அதுதான் 'இன்'. வருஷம், மாதம் இரண்டும் அதற்குள். ஆகஸ்டில் என்றால் 'இன்', ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் என்றாலும் 'இன்'. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற சரக்கு தட்டின் மேல் இருக்கும். அது 'ஆன்'. கிழமையும் தேதியும் அங்கே. சாவியை மாட்டுவது ஆணியில், அந்த ஒரே இடத்தில். அது 'அட்'. மணி அங்கே.

தமிழில் நமக்கு ஆகஸ்டில், வெள்ளிக்கிழமையில், காலையில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே வால் போதும். அதனால்தான் உன் கை எது கிடைக்கிறதோ அதைப் போட்டுவிடுகிறது. இனி எழுதும்முன் இது கிட்டங்கியா, தட்டா, ஆணியா என்று உன்னையே கேள்.

பத்து வாக்கியம் எழுதி அனுப்பு. கடையில் நடப்பதையே எழுது. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றெல்லாம் எழுதினால் திருத்தமாட்டேன்.

ஜெயபாலன்


786
கோத்தா திங்கி
22 ஜூலை 1925

ஜெயபாலா,

சரி, தாங்களை எடுத்துவிட்டேன். வாசலில் சொன்னதை எடுக்க முடியாது, சொன்னது சொன்னதுதான். ஆனால் ஒன்று கேள். நாலு வருஷம் கூட இருந்தவன், பஸ்ஸுக்கு முந்தின நாள்தான் எனக்குச் சொன்னாய். பள்ளிக்கூடத்துக்கு மனுப் போட்டதும் தெரியாது, வேலை கிடைத்ததும் தெரியாது. மாமாவுக்கு என்னைவிட முன்னால் தெரிந்திருக்கிறது. அந்தக் கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். எனக்கும் அது நன்றாக இல்லை.

பத்து வாக்கியம் கேட்டாய், பதினான்கு வைத்திருக்கிறேன். கிட்டங்கியும் தட்டும் ஆணியும் எனக்கு ஒத்துவருகின்றன. எண்ணெய் டின்னை இறக்கும்போதும் 'இன்', 'ஆன்' என்று முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, மாமா எனக்கு ஓதிப்பார்க்க ஆள் அனுப்பலாமா என்று கேட்டார்.

ஆனால் உன் கடையில் ஒரு கோளாறு இருக்கிறது. இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்தேன். காலை 'இன்', பிற்பகல் 'இன்', சாயங்காலம் 'இன்'. சரி, மூன்றும் கிட்டங்கிக்குள் போகட்டும். இரவு மட்டும் ஏன் 'அட்'? பன்னிரண்டு மணி நேர இரவைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டியது யார்? காலை கிட்டங்கியில் கிடந்தது, வெள்ளிக்கிழமைக் காலை என்றவுடன் எழுந்து தட்டுக்கு வந்துவிடுகிறது. இப்படிச் சரக்கை வைத்தால் எந்த வியாபாரி தேடி எடுப்பான்?

பதில் எழுது.

ருக்னுதீன்


உ
பத்து பாகாட்
1 ஆகஸ்ட் 1925

ருக்னு,

கடை வெள்ளைக்காரன் கட்டியது. இரவை ஏன் ஆணியில் மாட்டினான் என்று எனக்குத் தெரியாது. இருக்கிற இடத்தை நினைவில் வைத்துக்கொள், சண்டை போடாதே. கிழமை பக்கத்தில் வந்தால் கிழமைதான் பெரியவர், காலையும் இரவும் அவர் பின்னாலேயே தட்டுக்கு வந்துவிடும். 'ஆன் பிரைடே மார்னிங்', 'ஆன் பிரைடே நைட்'. பதினான்கில் மூன்றுதான் தவறு. என் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள், ஒருவனும் உன் கேள்வியைக் கேட்டதில்லை.

இப்போது உன்னைச் சந்தி சிரிக்க வைத்த இரண்டு சொற்கள். இவற்றில் நீ தவறுவதற்குக் காரணமே இல்லை, ஏனென்றால் தமிழில் நீ ஒருநாளும் தவறியதில்லை. ஆறு மணிக்குள் சரக்கு வரட்டும் என்று சொல்வாய், ஆறு மணி வரை கடை திறந்திருக்கும் என்று சொல்வாய். எப்போதாவது மாற்றிச் சொல்லியிருக்கிறாயா? 'உள்' வருகிற இடத்தில் 'பை'. 'வரை' வருகிற இடத்தில் 'டில்'. ஒரு தடவை நடந்து முடிகிற காரியம் 'பை'. விடாமல் நீடிக்கிற காரியம் 'டில்'. வருவது 'பை', காத்திருப்பது 'டில்'. முதலில் தமிழில் சொல், பிறகு இங்கிலீஷில் பெயர்த்துப் போடு.

இன்னும் ஒரு ஜோடி இருக்கிறது. எத்தனை காலம் என்றால் 'ஃபார்', எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்'. உதாரணம் வேண்டுமா? நான் ருக்னுதீனை ஐந்து மாதமாகப் பார்க்கவில்லை என்பதற்கு 'ஃபார்'. மார்ச் முதல் பார்க்கவில்லை என்பதற்கு 'சின்ஸ்'. இரண்டு வாக்கியமும் உண்மை, இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

முன்கூட்டியே உன்னிடம் சொல்லாதது என் தவறு. சொன்னால் போகவிடமாட்டாய், நீ இரு என்றால் நானும் இருந்துவிடுவேன் என்று பயந்தேன்.

ஜெயபாலன்


786
கோத்தா திங்கி
8 ஆகஸ்ட் 1925

ஜெயபாலா,

உன் கடிதத்தின் கடைசி வரிக்கு நேரில்தான் பதில் சொல்வேன்.

துரைக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அவர் ஒரு நடை பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். இருபதாம் தேதி இருக்கிற வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி என்று நானே எழுதவேண்டுமாம். அந்த நடை ஒழுங்காக முடிந்தால் ஒப்பந்தம் எனக்கு. இந்தப் படகை வைத்து நான் தனியாக நிற்பேனா, மாமாவின் தராசுக்கே திரும்புவேனா என்பது அந்த ஒரு நடையில் இருக்கிறது.

நம் படகை ஓட்டுகிற ஆதம் தண்டலிடம் கேட்டேன். முதல் நடை என்றால் வெள்ளி இரவில் போகலாம், அது பரக்கத்தான நேரம், தொழில் விருத்தியாகும் என்றார். படகில் இருக்கிற மலாய்க்காரர்களுக்கும் அதே அபிப்பிராயம். எனக்கும் அதுதான் மனதுக்குப் பிடித்தது.

ஆகவே அந்த வாரம் வெள்ளி இரவு ஏழு மணிக்குப் படகு ஜெட்டியில் இருக்கும், ஒன்பது மணி வரை காத்திருக்கும் என்று எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன். எழுத்து எழுத்தாகப் பார். இந்தத் தடவை யாரும் சிரிக்கக் கூடாது.

ருக்னுதீன்


உ
பத்து பாகாட்
13 ஆகஸ்ட் 1925

ருக்னு,

மூன்று தடவை படித்தேன். ஒரு பிழையும் இல்லை. மணிக்கு 'அட்', வெள்ளி இரவுக்கு 'ஆன்', காத்திருப்பதற்கு 'டில்'. 'அட் நைட்' என்று மனப்பாடமாக எழுதிவிடாமல் கிழமை வந்ததும் 'ஆன்' என்று மாற்றியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்கு எழுந்து நிற்கவேண்டும் போல இருந்தது.

அனுப்பு. நான் பொறுப்பு.

ஜெயபாலன்


786
கோத்தா திங்கி
22 ஆகஸ்ட் 1925, சனிக்கிழமை

ஜெயபாலனுக்கு,

நீ பொறுப்பு என்று எழுதினாய். இதற்கும் பொறுப்பு ஏற்றுக்கொள்.

வெள்ளி இரவு என்று எழுதினேன், வெள்ளி இரவே போனேன். மஃரிபு தொழுகையைப் படகிலேயே முடித்துக்கொண்டு சரியாக ஏழு மணிக்கு ஜெட்டியில் கட்டினோம். அங்கே ஒரு மனிதர் இல்லை, ஒரு பெட்டி இல்லை. ஒன்பது வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினோம். துரை ஏமாற்றிவிட்டார் என்று எல்லோரும் திட்டினார்கள்.

மறுநாள் ஜும்ஆ தொழுதேன், கடையில் உட்கார்ந்தேன், ராத்திரி தூங்கினேன். இன்று காலை கனகராஜ் கிராணி ஆளனுப்பினார். நேற்று சாயங்காலம் துரை நாற்பது பெட்டிகளை ஜெட்டியில் அடுக்கிவைத்து, மழையில் குடையோடு ஒன்பது மணி வரை நின்றாராம். படகு வரவில்லையாம். இனி ஒப்பந்தப் பேச்சே வேண்டாமாம்.

நான் போனேன் என்கிறேன், வரவில்லை என்கிறார்கள். கடிதத்தில் ஏதோ பிழை இருக்கிறது. 'ஆன்' தவறா, 'அட்' தவறா, எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியாமல் போனது எப்படி? மாமா தராசைத் துடைத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஒரு மன்னிப்புக் கடிதம் நீயே எழுதி அனுப்பு. கையெழுத்து மட்டும் போடுகிறேன். நான் இங்கிலீஷ் எழுதினது போதும்.

ருக்னுதீன்


உ
பத்து பாகாட்
27 ஆகஸ்ட் 1925

ருக்னு,

உன் கடிதத்தில் 'மறுநாள் ஜும்ஆ' என்று படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு முந்தின இரவே நீ போயிருக்கிறாய்.

இங்கிலீஷில் ஒரு தவறும் இல்லை. கிட்டங்கி சரி, தட்டு சரி, ஆணி சரி. தவறு நாளில் இருக்கிறது. உங்களுக்குப் பொழுது சாய்ந்து மஃரிபு ஆனதும் புது நாள் பிறந்துவிடுகிறது. வெள்ளி இரவு முதலில் வரும், வெள்ளிப் பகல் பிறகு வரும். மலாய்க்காரர்களுக்கும் அப்படித்தான். துரைக்கோ பகல் முதலில், அன்றைய இரவு பிறகு. நீ போனது அவர் கணக்கில் வியாழக்கிழமை இரவு. அவர் காத்திருந்த இரவு உனக்குச் சனி இரவு. நீயும் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை.

நாலு வருஷம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் விளக்கு வைத்ததும் உன் கடையில் சாம்பிராணி போட்டு, வெள்ளி இரவு ஃபாத்திஹா ஓதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஓதி முடிந்ததும் பங்கிடுகிற நார்சாவை வாங்கித் தின்றவன் நான். உன் கடிதத்தைப் படித்தபோது மட்டும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. பொடிச் சொற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு.

எங்கள் வீட்டில் சூரியன் உதித்தால்தான் நாள் மாறும். சனிக்கிழமை விடியாத நாலு மணியை என் தகப்பனார் வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்வார். துரையின் கடிகாரத்தில் நாள் பன்னிரண்டு அடித்ததும் மாறும். ஒரே ஆற்றங்கரையில் மூன்று பேருக்கு மூன்று இடத்தில் நாள் பிறக்கிறது.

மன்னிப்புக் கடிதம் எழுதித் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. துரை உன் கையெழுத்தைக் கேட்கவில்லை, உன் எழுத்தைக் கேட்டார். நீ மன்னிப்புக் கேட்க ஒன்றும் செய்யவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுது. இந்தக் கடிதத்தை என்னிடம் காட்டவும் வேண்டாம். வெள்ளி இரவு எது என்பதில் உன்னைத் திருத்துகிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஜெயபாலன்


786
கோத்தா திங்கி
3 செப்டம்பர் 1925

ஜெயபாலா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன்னைத் திட்டினேன். பிறகு ஆதம் தண்டலைக் கூப்பிட்டு, வெள்ளி இரவு என்றால் எது என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வியாழன் மஃரிபிலிருந்து என்றார். படகுத்துறையில் இருந்த மலாய்ப் படகுக்காரர்கள் ஆறு பேரைக் கேட்டேன். ஆறு பேரும் அதையே சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. துரை இரவு நடைக்கு வரச் சொல்லி நீக்கிய மூன்று பேரும் இதே ஆற்றுக்காரர்கள். இரண்டு பேர் மலாய்க்காரர்கள், ஒருவர் நம் ஊர் முஸ்லிம்.

உட்கார்ந்து எழுதினேன். நான் வியாழக்கிழமை இருபதாம் தேதி ஏழு மணிக்கு வந்தேன், ஒன்பது வரை காத்திருந்தேன். இந்த ஆற்றில் இரவு தன் பகலுக்கு முன்னால் வரும். நீங்கள் யாருக்கு வெள்ளி இரவு என்று எழுதினாலும் அவர் வியாழக்கிழமைதான் வருவார். முன்பு நீக்கிய மூவரும் எந்தத் தேதியில் வந்தார்கள் என்று உங்கள் ஜெட்டியில் விசாரித்துப் பாருங்கள். அதன் பிறகும் நான் வேண்டாம் என்றால் சரி. இவ்வளவுதான். பதினோரு வரி. ஒவ்வொரு பொடிச் சொல்லையும் தமிழில் சொல்லிப் பார்த்த பிறகு போட்டேன்.

உனக்குக் காட்டாமல் அனுப்பிவிட்டேன். 

ருக்னுதீன்


உ
பத்து பாகாட்
8 செப்டம்பர் 1925

ருக்னு,

எனக்குக் காட்டாதது நல்லது. ஆனால் மூன்று நாளாக எனக்கு வகுப்பில் மனம் நிற்கவில்லை. நேற்று கரும்பலகையில் நானே 'பை'க்குப் பதில் 'டில்' எழுதினேன். பதில் வந்ததும், நல்லதோ கெட்டதோ, உடனே எழுது. பத்து பாகாட்டில் தபால்காரர் என்னைக் கண்டால் வழி மாறிப் போகிறார்.

ஜெயபாலன்


786
கோத்தா திங்கி
19 செப்டம்பர் 1925, சனிக்கிழமை

ஜெயபாலா,

உடனே எழுது என்றாய். பதினோரு நாள் காக்க வைத்துவிட்டேன். முழுவதும் நடந்து முடிந்த பிறகு எழுதவேண்டும் என்று இருந்தேன். உட்கார்ந்து படி.

ஒன்பதாம் தேதி துரை பங்களாவுக்கு வரச் சொன்னார். போனேன். மேஜை மேல் என் கடிதம் இருந்தது. பக்கத்தில் கனகராஜ் கிராணி நின்றார். இன்னொரு பக்கம், ஜெட்டிக் கொட்டகையைக் கூட்டுகிற வெள்ளையம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். கடிதம் வந்த அன்று துரை கிராணியை ஜெட்டிக்கு அனுப்பி விசாரித்திருக்கிறார். ஜெட்டியிலேயே குடியிருப்பவள் அவள் ஒருத்திதான். கிராணியிடம் சொன்னதை அவள் என் முன்னால் மறுபடியும் சொன்னாள்.

"எல்லாப் படகும் வந்துச்சுங்க. முந்தின நாளே வந்து, நின்னு பாத்துட்டுப் போனாங்க. மூணு பேரும் அப்படித்தான், இவங்களும் அப்படித்தான். என்னை யாரும் கேக்கல."

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை உடனே, நீக்கிய மூன்று பேருக்கும் சொல்லியனுப்பும்படி கிராணியிடம் சொன்னார். இரண்டு பேர் வேறு ஆற்றுக்குப் போய்விட்டார்கள். ஒருவருக்குத் தோட்டத்து அரிசி ஏற்றிவருகிற வேலை இப்போது கிடைத்திருக்கிறது.

பிறகு என் கடிதத்தைத் தூக்கிக் காட்டி, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். அவர் நம்பவில்லை. முதல் கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார், அந்த 'வந்துகொண்டே இருக்கும்' கடிதம். இரண்டையும் ஒரே ஆள் எப்படி எழுதமுடியும் என்று கேட்டார். நாற்காலியைக் காட்டினார். தாளும் பேனாவும் என் முன்னால் வைத்தார். ஒப்பந்தத்தில் நேரத்தைப் பற்றி என்ன நிபந்தனை வேண்டுமோ, அதை இங்கேயே எழுதச் சொன்னார்.

ஜெயபாலா, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது உன்னை நினைத்தேன், பொய் சொல்லவில்லை. கிராணி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு என் காதில் பட்டது. நான் அவசரப்படவில்லை. முதலில் தமிழில் வாய்க்குள் சொன்னேன். பெட்டிகள் ஒவ்வொரு வாரமும் தேதி குறித்த வியாழக்கிழமையில் ஐந்து மணிக்குள் ஜெட்டிக்கு வந்துவிட வேண்டும். என் படகு ஐந்தரை வரை காத்திருக்கும். அதற்கு மேல் காத்திருக்காது, ஏனென்றால் இருட்டுவதற்குள் ஆற்று வாயில் இப்போது புதிதாக நட்டிருக்கிற மீன்பிடிக் கழிகளைத் தாண்டவேண்டும். வெள்ளி இரவு என்ற பேச்சே வைக்கவில்லை. எழுதி முடித்துத் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன்.

துரை படித்தார். "இந்தாளு எனக்குக் கெடு வைக்கிறாரே" என்பதுபோல ஏதோ கிராணியிடம் சொன்னார். கிராணி அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, பிழை ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தார். துரை கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

ஒப்பந்தம் கிடைத்தது என்று அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கலாம். ஆனால் முதல் நடை ஓடட்டும் என்று மாமா சொன்னார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று நேற்று முன்தினம்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை, பதினேழாம் தேதி. நாலே முக்காலுக்கே ஜெட்டியில் கட்டிவிட்டோம். நம் கடைப் பிரம்பும் கொட்டைப் பாக்கும் சிங்கப்பூருக்குப் போக ஏற்கெனவே படகில் இருந்தன. ஐந்து ஆயிற்று, பெட்டி வரவில்லை. ஐந்தேகால் ஆயிற்று, வரவில்லை. புகைக்கூடத்தில் தாமதம் என்று ஒருவன் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனான். ஐந்தரை ஆயிற்று. ஆதம் தண்டல் என் முகத்தையே பார்த்தார். துரையின் சரக்கு, முதல் நடை. கொஞ்சம் நின்றால் என்ன என்று மனம் சொன்னது. நின்றால் நான் எழுதியதை நானே அழித்த மாதிரி ஆகும், அடுத்த வாரம் ஆறு மணி ஆகும், அதற்கடுத்த வாரம் இருட்டில் யாராவது கழியில் மோதிச் சாவார்கள். கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். ஆற்றின் வளைவு திரும்பும்போது, பெட்டி ஏற்றிய மாட்டுவண்டிகள் ஜெட்டிக்கு இறங்குவது தெரிந்தது. கிராணி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். படகைத் திருப்பவில்லை. அடுத்த துறையில் நான் இறங்கிக்கொண்டேன், ஆதம் தண்டல் படகைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்.

கடைக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். பெட்டி ஏற்றாமலா போனீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வெள்ளிக்கிழமை முழுவதும் நான் தராசின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை தோட்டத்திலிருந்து உறை வந்தது. கடையில் மாமா, சிங்கப்பூரிலிருந்து திரும்பிவிட்ட ஆதம் தண்டல், சாமான் வாங்க வந்த இரண்டு மூன்று பேர். எல்லோருக்கும் அது என்ன கடிதம் என்று தெரியும். மாமா கையை நீட்டினார், இங்கிலீஷ் தெரிந்த யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் என்று. நான் கொடுக்கவில்லை. உறையைக் கிழித்து நின்றபடியே படித்தேன். மூன்று வரிதான். ஒரு தடவை படித்து, நம்பாமல் இன்னொரு தடவை படித்தேன். வியாழக்கிழமை தோட்டத்துப் பெட்டிகள் ஐந்து மணிக்குள் வந்துசேரவில்லை. தவறு தோட்டத்துடையது, அதற்கு வருந்துகிறேன். இருபத்து நாலாம் தேதி நாலரை மணிக்கே பெட்டிகள் ஜெட்டியில் இருக்கும்.

மாமா பொறுக்கமாட்டாமல், "என்னப்பா சொல்றாரு?" என்றார்.

"மன்னிப்புக் கேக்குறாரு மாமா."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "துரையா? யார்கிட்ட?"

"என்கிட்ட," என்றேன்.

ருக்னுதீன்